சைக்கிளை விட்டு இறங்கிய பிறகு ஒரு கால் மணி நேரம்

கேள்வி: டாக்டர், புது வேலையில் சேர்ந்ததிலிருந்து சைக்கிளில்தான் அலுவலகம் போகிறேன். 9 கிலோமீட்டர். 27 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவேன். பிரச்சினை அதற்கு அப்புறம்தான். குளித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன், ஆனாலும் போய் இறங்கியதும் வேர்த்துக் கொட்டுகிறது. அலுவலகத்தில் குளிக்க வசதி கிடையாது. கழிவறையில் ஒரு வாஷ்பேசின் இருக்கிறது, அவ்வளவுதான். அவசர அவசரமாகச் சட்டையை மாற்றிக்கொண்டு இருக்கைக்கு வந்தால் பத்தே நிமிடத்தில் அந்தச் சட்டையும் நனைந்துவிடுகிறது. சென்ட் அடித்துச் சமாளிக்கிறேன். போன வாரம் பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. தலைமுடி வேறு நீளம், ஹெல்மெட்டைக் கழற்றினால் பார்க்கச் சகிக்காது. இப்போது தொடை இடுக்கில் நமைச்சலும் தொடங்கியிருக்கிறது. வியர்வையை நிறுத்த மாத்திரை, ஊசியெல்லாம் இருக்கிறதாமே, எடுத்துக்கொள்ளலாமா? இல்லை, சைக்கிளையே விட்டுவிடவா?

— வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் வேலையில் இருக்கும் ஒரு வாசகி

பதில்: முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம்.

வியர்வைச் சுரப்பிகளுக்கு நரம்புகள் அனுப்பும் கட்டளையை அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் கொண்டுசேர்க்கிறது. கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் அந்தக் கட்டளையை வழிமறிக்கின்றன. அக்குளில் மட்டும் மறித்துவிட்டு மற்ற இடங்களை விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது. உடம்பு முழுவதும் வியர்வை குறையும், வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிலருக்குப் பார்வை மங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கையில் வியர்வை சொட்டுகிற, பேனாவைப் பிடித்து எழுத முடியாத நோயாளிகளுக்கு நான் இதை எழுதித் தருவதுண்டு. நீங்கள் வெயிலில் பெடல் மிதிக்கிறவர். வியர்வையை அடைத்துவிட்டு உடம்பைச் சூடாக்கினால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் மயக்கம் வரைக்கும் போகும். அக்குளில் போடும் போட்டுலினம் ஊசி அந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும், பல மாதங்கள் பலன் தரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது அளவுக்கு மீறி வியர்ப்பவர்களுக்கான சிகிச்சை. உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. வியர்க்க வேண்டிய நேரத்தில் உங்களுக்கு வியர்க்கிறது.

சைக்கிளையும் விட வேண்டாம். நீங்கள் மாற்ற வேண்டியது போய் இறங்கிய பிறகு வரும் அந்தக் கால் மணி நேரத்தை. உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

சைக்கிள் ஓட்டும்போது நாம் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஓடுகிற சைக்கிளில் முகத்திலும் மார்பிலும் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால், சுரக்கிற வியர்வை அங்கங்கே ஆவியாகிவிடுகிறது. எவ்வளவு வியர்க்கிறோம் என்பதே அப்போது தெரியாது. பிரேக் பிடித்து நின்றதும் காற்று நின்றுபோகிறது. உள்ளே தசைகளிலும் ரத்தத்திலும் சேர்ந்த சூடு அப்படியே இருக்கிறது, சுரப்பிகள் வேலையை நிறுத்தவில்லை. அதனால்தான் ஓட்டும்போது நனையாத நீங்கள் இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் தொப்பலாக நனைகிறீர்கள். அந்த நேரத்தில் நல்ல சட்டையைப் போட்டால் அதுவும் நனையத்தான் செய்யும். மூன்று சட்டை மாற்றினாலும் மூன்றும் நனையும். இந்த நேரத்தில் குளித்தால்கூட, துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும் மறுபடி வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளியலறை இருக்கும் அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் இதே புகாரோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஆகவே இறங்கியதும் கழிவறைக்கு ஓடாதீர்கள். சைக்கிளைப் பூட்டுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், முடியை அவிழ்த்துவிடுங்கள். ஓட்டி வந்த அதே உடையோடு நிழலில், காற்று வரும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம், வெயில் காலத்தில் கால் மணி நேரம். அலுவலகத்துக்கு இப்போது எத்தனை மணிக்குப் போகிறீர்களோ அதைவிட அவ்வளவு நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். பயண நேரம் 27 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் அது ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

சீக்கிரம் ஆற வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. வாஷ்பேசினில் குழாயைத் திறந்து, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தண்ணீரில் நனையும்படி இரண்டு மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டிருங்கள். உள்ளங்கையில் தோலுக்கு அடியிலேயே நிறைய ரத்தம் ஓடும் தனி அமைப்பு இருக்கிறது, அங்கே குளிர்ந்த ரத்தம் உள்ளே போய் உடம்பைக் குளிர்விக்கிறது. வெப்பத்தில் வேலை செய்துவிட்டு வரும் தீயணைப்பு வீரர்களுக்கு, முன்கைகளைத் தண்ணீரில் முக்கிவைக்கச் சொல்லித் தருவது இதனால்தான். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும். ஐஸ் கட்டி தேய்க்காதீர்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் வெளியேறுவது குறைந்துபோகும்.

அப்புறம் வேகம். இது தோல் மருத்துவம் இல்லை, கணக்கு. நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். சமதரையில் ஓட்டும்போது காற்றை எதிர்த்துத் தள்ளுவதற்கே நிறைய சக்தி போய்விடுகிறது. அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். வேகத்தை 20-லிருந்து 16-ஆகக் குறைத்தால் காற்றுக்காகச் செலவிடுவது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், மொத்த உழைப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். கூடுதலாக ஆவது வெறும் 7 நிமிடம். ஏழு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்கிறவர் பாதி நனையாமல் போய்ச் சேர்கிறார் என்றால் எனக்கு அது லாபமாகத்தான் படுகிறது. தினமும் அப்படி ஓட்டப் பொறுமையில்லை என்றால் கடைசி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டரையாவது லேசான கியரில், மூக்காலேயே மூச்சு விடும்படியான வேகத்தில் ஓட்டுங்கள். சைக்கிள் நகர்வதால் காற்று கிடைக்கும், புதிதாகச் சூடும் சேராது. சிக்னலில் பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதிக்கிற வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். மாலையில் வீடு திரும்பும்போது இதெல்லாம் வேண்டாம், எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள்.

டயரில் காற்று குறைவாக இருந்தாலும், சீட் தாழ்ந்திருந்தாலும் அதே தூரத்துக்குக் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும், கூடுதலாக வியர்க்கும். வழியில் பெரிய மேடு இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் தப்பே இல்லை. மோட்டார் பொருத்திய சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால், காலையில் மோட்டாரோடும் மாலையில் இல்லாமலும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான்.

முதுகில் பை மாட்டிக்கொண்டு போகிறீர்களா? எழுதவில்லை, ஆனால் பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் போகிறார்கள். உடம்பில் வியர்வை ஆவியாவதற்கு இருக்கும் பெரிய பரப்புகளில் ஒன்று முதுகு. அதைப் பையால் மூடிவிட்டால் அங்கே சுரப்பதெல்லாம் சட்டையில்தான் இறங்கும். பின்னால் கேரியரில் கட்டுங்கள், இல்லை பக்கவாட்டில் தொங்கும் பை வாங்குங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்பவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கால் மணி நேரக் காத்திருப்பு. இரண்டு செய்ய முடியும் என்றால் இந்தப் பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாடை. வியர்வை வேறு, வாடை வேறு. உடம்பு முழுக்க இருக்கும் சாதாரணச் சுரப்பிகளிலிருந்து வருவது உப்புத் தண்ணீர், அதற்கு வாசனையே கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் வேறு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கெட்டியான, கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைச் சுரக்கின்றன. அதற்கும் சுரக்கும்போது வாசனை இல்லை. அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதை உடைத்துத் தின்னும்போது வெளிவரும் பொருள்கள்தான் நாறுகின்றன. இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய செய்தி இரண்டு. வாடை உண்டாக நேரம் ஆகும், சற்று முன் வந்த வியர்வை யாரையும் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்க வைக்காது. அடுத்தது, சோப்புப் போட வேண்டிய இடம் மிகச் சிறியது.

கிளம்புமுன் குளிப்பது நல்ல வழக்கம், விடாதீர்கள். பாக்டீரியா குறைவாக இருக்கும் தோலோடு கிளம்புகிறீர்கள். ஆனால் வெந்நீரில் குளித்துவிட்டு உடனே சைக்கிளில் ஏறினால் சூடேறிய உடம்போடு புறப்படுகிறீர்கள் என்று பொருள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். அக்குள் வாடை உண்மையிலேயே விடாப்பிடியாக இருந்தால், முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு கலந்த கழுவும் திரவத்தை, 4 அல்லது 5 சதவீதம் உள்ளதாகப் பார்த்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் அக்குளில் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பாக்டீரியாவை நன்றாகவே குறைக்கும். ஒரு எச்சரிக்கை: அது துணிச் சாயத்தை வெளுக்கும். கலர் துண்டில் துடைத்தால் அக்குள் அளவுக்கு வெள்ளைத் திட்டு விழும், அது போகவே போகாது. எரிச்சல் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

வியர்வை அடங்கிய பிறகு வாஷ்பேசினில் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. இரண்டு சின்னத் துண்டுகள் கொண்டுபோங்கள், கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். ஒன்றை நனைத்து நன்றாகப் பிழிந்து முகம், கழுத்து, காதுக்குப் பின்புறம், மார்பு, முதுகு என்று மேலிருந்து கீழே துடையுங்கள். உப்பும் தூசும் அதிலேயே வந்துவிடும். தேய்க்க வேண்டாம், துடைத்தால் போதும். தேய்த்தால் ரத்த ஓட்டம் கூடி மறுபடி சூடுதான். துண்டை அலசிப் பிழிந்து இன்னொரு முறை. பிறகு அக்குளுக்கு மட்டும் ஒரு பயறு அளவு திரவ சோப்பு, ஈரத் துண்டாலேயே வழித்து எடுங்கள், சோப்பு தங்கக் கூடாது. நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பெரும்பாலான சோப்புக் கட்டிகள் காரத்தன்மை கொண்டவை. காலையில் வீட்டில் ஒரு முறை, இங்கே ஒரு முறை என்று உடம்பெல்லாம் சோப்புப் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். காய்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள். அப்புறமும் சட்டையைப் போடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். பேசினுக்கு முன்னால் இதெல்லாம் செய்யக் கூச்சமாக இருந்தால், துண்டை நனைத்துப் பிழிந்து கழிவறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஈரத் துடைப்பான் காகிதம் வசதிதான், யாருக்கும் அதைத் தடை செய்ய மாட்டேன். ஆனால் தினமும் பயன்படுத்தினால் வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். அட்டையில் மெத்தில்ஐசோதையசோலினோன் என்று இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் அந்தப் பொருள் எத்தனையோ பேருக்கு ஒவ்வாமையைக் கொடுத்தது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2013-க்கான ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம், தோலில் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்கவே கூடாது என்று தடை போட்டது.

டியோடரன்ட்டும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டும் ஒன்று என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டியோடரன்ட் பாக்டீரியாவைக் குறைத்து வாசனை சேர்க்கும், வியர்வையைத் தொடாது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டில் அலுமினிய உப்பு இருக்கும், அது வியர்வை நாளத்தின் வாயில் கூழாகப் படிந்து அடைக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதைக் காலையில் கிளம்பும் அவசரத்தில் பூசினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது, பூசிய ஐந்தாவது நிமிடம் வரும் வியர்வை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இரவு படுக்கப் போகுமுன், அக்குளை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு பூசுங்கள். தூக்கத்தில் வியர்வை குறைவு, உப்பு நாளத்துக்குள் இறங்கிப் படிய நேரம் கிடைக்கும். காலையில் குளித்தாலும் அடைப்பு போகாது. மழித்த அன்று பூசாதீர்கள், எரியும். அக்குளை மட்டும் அடைப்பதால் உடம்பு சூடாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மொத்தச் சுரப்பிகளில் அங்கே இருப்பது சிறு பங்குதான். மார்பகப் புற்றுநோய் வருமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதுவரை நடந்த ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

வெள்ளைச் சட்டையின் அக்குளில் விழும் மஞ்சள் கறைக்கும் இந்த அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்வதே காரணம். அதைப் போக்க குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். பூசியது நன்றாகக் காய்ந்த பிறகு துணி போட்டால் கறை குறையும்.

சென்ட்டை நிறுத்துங்கள். வியர்வையின் மேல் அடித்த சென்ட் வாடையை மறைக்காது, இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்றாக எழும்பும். மூடிய அறையில் அது பலருக்குத் தலைவலியைக் கொடுக்கும். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தது வியர்வைக்காகவா, சென்ட்டுக்காகவா, வெறும் புழுக்கத்துக்காகவா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் மூக்கு நம் வாடைக்குச் சீக்கிரம் பழகிவிடுவதால் நாமே முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. அலுவலகத்தில் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். "ஒன்றும் இல்லையே" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். இல்லாத வாடையை நினைத்துத் தவிக்கிறவர்களை, நாறிக்கொண்டு வருகிறவர்களைவிட அதிகமாக நான் பார்த்திருக்கிறேன்.

உடைக்கு வருவோம். ஓட்டும் உடையும் அலுவலக உடையும் வேறு வேறாக இருக்கட்டும். சீக்கிரம் காயும் என்று பாலியஸ்டர் சட்டை வாங்குகிறார்கள், காயவும் செய்கிறது. ஆனால் அது வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் மூடி வைத்துவிட்டு முகர்ந்து பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் பருத்தியைவிடப் பாலியஸ்டர் மோசமாக நாறியது. வாடையோடு சம்பந்தப்பட்ட மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா செயற்கை நூலிழையில் நன்றாகப் பெருகியிருந்தது. ஆகவே அரை மணி நேரப் பயணத்துக்குத் தளர்வான பருத்தியே போதும். இறங்கியதும் கழற்றிவிடப் போகிறீர்கள், அது மெதுவாகக் காய்வது உங்களுக்கு ஒரு பொருட்டல்ல. கிடைத்தால் மெரினோ கம்பளியில் நெய்த மெல்லிய சட்டை இன்னும் நல்லது, அடுத்தடுத்து இரண்டு நாள் போட்டாலும் வாடை அவ்வளவாகத் தெரியாது.

கழற்றிய துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு மேஜைக்கு அடியில் வைக்காதீர்கள். அந்த ஆய்வுக்காரர்கள் சட்டையை நாறவைக்கச் செய்தது ஏறக்குறைய அதுதான். ஹேங்கரில் மாட்டிக் காற்றாட விடுங்கள். வீட்டில் துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தை இந்தத் துணிகளுக்கு ஊற்ற வேண்டாம், அது இழைமேல் படிந்து அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அலுவலகச் சட்டைகளையும் ஒரு ஜோடி ஷூவையும் வாரத்தில் ஒரு நாள் மொத்தமாகக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிட்டால் தினமும் சுமப்பதும் மிச்சம், கசங்குவதும் மிச்சம். உள்ளாடையையும் காலுறையையும் மாற்ற மறப்பவர்கள் ஏராளம். மேல் சட்டை மட்டும் புதிது, உள்ளே ஈரம் என்றால் அரை மணியில் பழைய கதைதான். மழைக் காலத்துக்கு மட்கார்டும் செயினுக்குக் கவரும் இருக்கட்டும், முதுகில் சேற்றுக்கோடும் பேண்டில் கறுப்பு மையும் இல்லாமல் போய்ச் சேரலாம்.

தலைமுடி. ஈர முடியோடு ஹெல்மெட் போடாதீர்கள். குளியல் காலையில், தலைக்குக் குளிப்பது முந்தைய மாலையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகத் தளர்த்திப் பின்னுங்கள். உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது, விழுந்தால் அது தலையைக் காப்பாற்றாது. மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டி அதன்மேல் ஹெல்மெட் போட்டால், வியர்வையைத் துணி வாங்கிக்கொள்ளும், முன்முடியும் நெற்றியில் ஒட்டாது. இறங்கியதும் பின்னலை அவிழ்த்து, குனிந்து, விரல்களால் மண்டையோட்டுத் தோலில் காற்றுப் படும்படி கோதிவிடுங்கள். காய்வதற்கு முன் சீப்பைப் போட்டு இழுத்தால் முடி அறுந்துதான் வரும். தினமும் ஷாம்பு வேண்டியதில்லை. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டைகளைக் கழற்றி வாரம் ஒரு முறை மிதமான சோப்பில் அலசுங்கள். நெற்றியில் ஹெல்மெட் படும் கோட்டில் பருக்கள் வந்தால் அந்த அழுக்கும் அழுத்தமும்தான் காரணமாக இருக்கும். வெயில் கிரீம் வியர்வையோடு கண்ணில் வழிந்து எரிகிறது என்பார்கள். தண்ணீருக்குத் தாங்கும் வகையாக வாங்கி, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசிவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் போகப் போக வியர்வை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெப்பத்தில் உடற்பயிற்சி செய்து பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமாகவே வியர்க்கத் தொடங்கும், கூடுதலாகவும் வியர்க்கும், உப்பு மட்டும் குறையும். அது நல்ல அறிகுறி. அதே சமயம் கால்கள் பலப்பட்டு அதே தூரம் உங்களுக்கு எளிதாகும். நான்கு படி ஏறினாலே, சும்மா உட்கார்ந்திருந்தாலே வழிகிறது, தூக்கத்தில் படுக்கை நனைகிறது, எடை குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வியர்க்கிறது என்றால் அது சைக்கிள் விஷயம் அல்ல, மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

கடைசியாக அந்த நமைச்சல். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தொடை இடுக்கில் வெறும் புண்ணாகவும் இருக்கலாம், படர்தாமரையாகவும் இருக்கலாம். எரிச்சல் அதிகம், சிவப்பு மடிப்போடு நின்றுவிடுகிறது என்றால் முதலாவது. நமைச்சல் அதிகம், ஓரம் மேடிட்டு வளைந்து, நடுவில் தெளிந்து, தொடையை நோக்கிப் பரவுகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. எதுவானாலும் ஓட்டிய உள்ளாடையில் வேலை நேரம் முழுவதும் உட்காராதீர்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை போடுவதாக இருந்தால் அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, அதன் தையல்தான் தோலை அறுக்கும். ஒரு முறை போட்டதைத் துவைக்காமல் மறுமுறை போடவும் கூடாது. உங்கள் துண்டை வேறு யாரும் பயன்படுத்த வேண்டாம். பாதத்தில், விரலிடுக்கில் தோல் உரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் பூஞ்சை இருந்தால், உள்ளாடைக்கு முன்னால் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதத்தில் இருப்பது துணியோடு மேலே ஏறிவிடும்.

படர்தாமரைக்குக் குளோட்ரிமசோல், டெர்பினஃபைன் போன்ற களிம்புகள் கேட்கும். படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், பார்வைக்கு மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தொடாதீர்கள். இரண்டே நாளில் நமைச்சல் அடங்கும், அதனால்தான் அது ஆபத்து. மேலே சிவப்பு மறைந்து அடியில் பூஞ்சை பரவும், பிறகு உருவமே மாறி எங்களுக்கும் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார். போவதற்கு முன் சில நாள்களாவது அங்கே எந்தக் களிம்பும் தடவாமல் இருங்கள், பவுடரும் போடாதீர்கள்.